கபடி கேள்வி – பதில்: பயிற்சி முறை மாறினால் அணியின் ஆட்டம் மாறுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: தினமும் விடாமல் பயிற்சி எடுக்கிறோம், போட்டியில் அது தெரிவதில்லை. பதில்களில் வரும் தூரங்கள் 13 × 10 மீட்டர் ஆண்கள் களத்துக்கு உரியவை. பெண்கள், சிறுவர் அணிகள் தங்கள் களத்துக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்ளலாம்.

எங்கள் பள்ளி அணிக்கு மாலையில் இரண்டு மணி நேரம் பயிற்சி. மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட்டம், 200 சிட்-அப், 100 தண்டால், மீதி நேரம் மேட்ச். முதல் பாதியில் முன்னிலையில் இருப்போம். இரண்டாம் பாதியில் கோட்டை விட்டுவிடுகிறோம். ஓட்டத்தைக் கூட்டலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

கூட்ட வேண்டாம், குறையுங்கள். முதலில் ஆட்டம் உடம்பிடம் என்ன கேட்கிறது என்று பாருங்கள். ஒரு ரெய்டுக்கு (எதிரணிக் களத்துக்குள் பாடிச் சென்று திரும்புவது) மேல்வரம்பு 30 நொடி. பெரியவர்கள் ஆட்டத்தில் ஒரு பாதி 20 நிமிடம். ஆக, ஒரு பாதியில் இரு அணிக்கும் சேர்த்து ஏறத்தாழ 40 ரெய்டு. அந்த 30 நொடிக்குள் ரெய்டர் ஓடுவது, குனிவது, பின்வாங்குவது, திரும்பிப் பாய்வது எல்லாமே இரண்டு மூன்று நொடி வெடிப்புகள். பிடிப்பவருக்கும் அப்படித்தான்: காத்திருப்பு, திடீரென ஒரு பாய்ச்சல், மூன்று நான்கு நொடி முழுப் பலத்தில் பிடி, மறுபடி காத்திருப்பு. ஒரே வேகத்தில் பத்துச் சுற்று ஓடினால் ஒரே வேகத்தில் ஓடும் திறன் வளரும். பத்தாவது ரெய்டிலும் முதல் ரெய்டின் வேகம் இருப்பதற்கு அது போதாது.

அதைவிடப் பெரிய சிக்கல் வரிசையில் இருக்கிறது. கால் தளர்ந்த பிறகு பிடி பழகுகிற பையன் இடுப்பை இறக்க முடியாமல் முதுகை வளைத்துக் கையை மட்டும் நீட்டுவான், தலை தரையைப் பார்க்கும். தினமும் அப்படிப் பழகினால் அதுவே அவன் பிடியாகிவிடும். அதனால் வரிசையை இப்படி மாற்றிப் பாருங்கள்: உடல் சூடேற்றம் 15 நிமிடம், உடம்பு புதிதாக இருக்கும்போதே திறன் பயிற்சி 25, ஆட்டச் சூழல் பயிற்சி 30, இடைவேளை ஓட்டம் 15, வலிமைப் பயிற்சி 15. மொத்தம் 100 நிமிடம். இரண்டு மணி நேரம் தேவையே இல்லை.

இடைவேளை ஓட்டத்தைக் களத்துக்குள்ளேயே செய்யுங்கள். முதல் இரண்டு வாரம் 15 நொடி முழு வேகம், 15 நொடி நடை; எட்டு முறை ஒரு செட், மூன்று நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு செட். மூன்றாம் வாரத்திலிருந்து 30க்கு 30; அப்போது மொத்த நேரம் நான்கு நிமிடம் கூடும். அந்த 30 நொடியில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் தள்ளியிருக்கும் பால்க் லைனை (ரெய்டர் கட்டாயம் தாண்டவேண்டிய கோடு) தொட்டு, இடது கார்னர் (ஓரத்தில் நிற்கும் பிடிகாரர்) பக்கம், வலது கார்னர் பக்கம், அடுத்த ஒரு மீட்டரில் போனஸ் லைன், பிறகு நடுக்கோட்டுக்குப் பாய்ச்சல். நேரம் முடியும் வரை இதையே திரும்பச் செய்யவேண்டும். அடுத்த 30 நொடி சும்மா நிற்பது கிடையாது. பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு டிஃபென்ஸ் நிலையில் இடம் வலம் நகரவேண்டும். ஆட்டத்தில் ஓய்வு அப்படித்தான் கிடைக்கிறது. முதல் முறை எத்தனை கோடு தொட்டார், எட்டாவது முறை எத்தனை என்று ஒருவர் எண்ணட்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அந்த செட்டை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் பழகுவது மெதுவாக ஓடுவதற்கான பழக்கம். வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணி நேர இடைவெளி போதும். நீண்ட ஓட்டத்தை அடியோடு விடவேண்டியதில்லை. போட்டி இல்லாத மாதங்களில் வாரம் ஒரு முறை 20–25 நிமிடம் ஓடினால் நல்லது.

சிட்-அப் 200 எடுத்தாலும் பிடி இறுகாது. பிடிக்கத் தேவை தொடை, இடுப்பு, முதுகு, விரல்கள். ஜிம் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கைக்கொன்றாகத் தூக்கி 20 மீட்டர் நடை, நான்கு முறை. மணல் மூட்டையை மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுதல், 8 வீதம் மூன்று செட். 15 கிலோவில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டலாம். கம்பியில் துண்டைப் போட்டு, துண்டைப் பிடித்துத் தொங்குவது 20 நொடி, மூன்று முறை. இந்தக் கடைசிப் பயிற்சி கணுக்கால் பிடிக்கு நேரடியாகவே உதவும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். இரண்டாம் பாதித் தோல்விக்கு எப்போதும் மூச்சு காரணமாக இருக்காது. கடைசி ஐந்து ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டை எடுத்து, புள்ளி எப்படிப் போனது என்று பிரித்து எழுதுங்கள். தேவையில்லாமல் முன்னேறிப் பிடிக்கப்போய் அவுட் ஆனவையும், டூ ஆர் டை ரெய்டில் (தொடர்ந்து இரண்டு ரெய்டில் புள்ளி இல்லாவிட்டால், மூன்றாவதில் புள்ளி எடுக்காதவர் அவுட்) போனவையும் அதிகமென்றால், அது முடிவெடுப்பில் வரும் குறை. அதற்கு அடுத்த பதில்.

பயிற்சியில் டோ டச் (கால் நுனியால் தொடுவது) நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வருகிறது. போட்டியில் பத்தில் இரண்டுகூட வருவதில்லை. மனப்பயம் என்கிறார்கள். அப்படித்தானா?
– கல்லூரி மாணவர் (ரெய்டர்), மதுரை

பயம் கொஞ்சம் இருக்கலாம். பெரும் பங்கு பயிற்சி முறையில்தான் இருக்கிறது. எதிரே ஒருவரை நிறுத்திவைத்து 50 டோ டச் போட்டால், எந்தக் கால், எவ்வளவு தூரம், எப்போது என்ற முடிவை நீங்கள் முதல் முறை மட்டுமே எடுக்கிறீர்கள். மீதி 49-உம் அந்த முடிவின் நகல். போட்டியில் ஒவ்வொரு ரெய்டும் முதல் முறை. எதிரே ஏழு பேர் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். கார்னர் முன்னேறுவாரா பின்வாங்குவாரா என்று படித்த பிறகுதான் கால் நீளவேண்டும். அந்தப் படிக்கும் வேலைக்கு உங்கள் பயிற்சியில் இடமே இல்லை.

இது ஆய்வுகளில் பலமுறை வெளிப்பட்ட விஷயம். 1979-இல் ஷே, மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒவ்வொரு அசைவையும் தனித்தனியே தொடர்ந்து பழகிய குழுவையும், அதே அசைவுகளைக் கலந்து பழகிய குழுவையும் ஒப்பிட்டார்கள். பழகும்போது முதல் குழு முந்தியது. சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்கள் முந்தினார்கள். 1986-இல் இறகுப்பந்தின் மூன்று வகை சர்வீஸை வைத்துச் செய்த ஆய்விலும் அதேதான்: கலந்து பழகியவர்கள், பழகாத மறுபக்கத்திலிருந்து சர்வீஸ் போடச் சொன்னபோதும் மேலாக ஆடினார்கள். பயிற்சி மைதானத்தில் பளிச்சென்று தெரிவது வேறு, மனத்திலும் உடம்பிலும் தங்குவது வேறு. பயிற்சியாளர்கள் பலர் ஏமாறும் இடம் இதுதான். அன்றன்று அழகாக வரும் பயிற்சியையே நல்ல பயிற்சி என்று நம்பிவிடுகிறார்கள்.

அதற்காகத் திரும்பத் திரும்பச் செய்வது வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதிய திறன் என்றால் முதல் இரண்டு மூன்று நாள் அப்படித்தான் பழகவேண்டும்: பத்துப் பத்தாக மூன்று செட், மெதுவாக, எதிராளி அசையாமல். உருவம் பிடிபட்டதும் கலக்கத் தொடங்குங்கள். ஒரு ரெய்டில் டோ டச், அடுத்ததில் ஓடியபடி கையால் தொடும் ரன்னிங் ஹேண்ட் டச், அதற்கடுத்து போனஸ் லைனைத் தாண்டி எடுக்கும் போனஸ், பிறகு பின்னால் உதைத்துத் தொடும் பேக் கிக். ஒரே திறன் அடுத்தடுத்து இரண்டு முறை வரக்கூடாது.

அடுத்த படியில் எதிரே மூன்று பேர்: ஒரு கார்னர், அவருக்கு அடுத்து உள்பக்கம் நிற்கும் ‘இன்’, அதற்கும் உள்ளே நிற்கும் ஒரு கவர். யார் முன்னேறவேண்டும் என்று பயிற்சியாளர் அவர்களுக்கு மட்டும் விரலால் காட்டுவார். ரெய்டருக்கு 20 நொடிதான். யாரும் முன்னேறாமல் இருக்கும்படி சில முறை காட்டவேண்டும். அப்போது சும்மா திரும்பி வருவதும் சரியான முடிவு, அதற்கும் மதிப்பெண் உண்டு. எட்டு ரெய்டுக்கு ஒருமுறை ஆட்களை மாற்றுங்கள். பத்தில் எட்டுக்கு மேல் வெற்றி என்றால் இன்னொரு டிஃபென்டரைச் சேருங்கள். மூன்றுக்குக் கீழே போனால் ஒருவரை எடுத்துவிடுங்கள். இது அனுபவக் கணக்குதான். உங்கள் அணிக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

முழு மேட்ச் ஆடுவதற்குப் பதிலாக ஐந்தைந்து நிமிடச் சிறு ஆட்டங்கள் அதிகப் பலன் தரும். ஒரு ஆட்டத்தில் எல்லா ரெய்டும் டூ ஆர் டை. இன்னொன்றில் எதிரணி எப்போதும் மூன்று பேர், அதாவது சூப்பர் டேக்கிள் நிலை, பிடித்தால் இரண்டு புள்ளி. மற்றொன்றில் ஆறு பேர் நிற்க, போனஸுக்கு மட்டும் புள்ளி. சாதாரண மேட்சில் இந்தச் சூழல்கள் ஓரிரு முறைதான் வரும். இப்படி ஆடினால் ஒரே மாலையில் இருபது முறை வரும்.

முதல் இரண்டு வாரம் உங்கள் வெற்றி விகிதம் இறங்கும். அணியில் முணுமுணுப்பு எழும், “பழைய பயிற்சியே நன்றாக இருந்தது” என்பார்கள். அந்த இரண்டு வாரத்தைத் தாண்டும் பொறுமை வேண்டும். இன்னொன்று, உங்கள் டிஃபென்டர்களுக்கு உங்கள் கால் அசைவு அத்துப்படி. உங்களுக்கும் அவர்களுடையது அப்படியே. வாரம் ஒரு நாள் பக்கத்து ஊர் அணியோடு பழகாமல் இந்தக் குறை தீராது.

பயிற்சியாளரிடம் காட்ட ஒரு வரி: ஒவ்வொரு ரெய்டுக்குப் பிறகும் திருத்தாதீர்கள். நான்கைந்து ரெய்டு விட்டு, “கார்னர் எங்கே நின்றார், என்ன பார்த்தாய்?” என்று கேட்டுவிட்டுப் பிறகு சொல்லுங்கள். “முட்டியை மடக்கு, இடுப்பைத் திருப்பு” என்று உறுப்பு உறுப்பாகச் சொல்வதைவிட “அவர் கட்டைவிரல் நுனியைத் தொட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்துப் போ” என்று இலக்கைச் சொல்வது வேகமாக உடம்பில் ஏறும்.

எங்கள் பெண்கள் அணியில் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல பிடிகாரர்கள் நான்கு பேர். ஆனால் மூன்று பேர் சேர்ந்து பிடித்தாலும் ரெய்டர் இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். பலம் போதவில்லையா?
– பயிற்சியாளர், திண்டுக்கல் மாவட்டம்

பலம் இருக்கிறது, அது ஒன்றாகச் சேரவில்லை. மாக்சிமிலியன் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913-இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. தனியாக இழுக்கும் மனிதரின் பலத்தை 100 என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93, மூவர் சேரும்போது 85, எட்டுப் பேர் சேரும்போது 49தான். ஒரே நேரத்தில், ஒரே திசையில் இழுக்காதது ஒரு காரணம்; மற்றவர் இழுக்கிறார் என்று தன்னையறியாமல் தளர்வது இன்னொன்று. 1974-இல் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது, ஒருங்கிணைப்புக் குறை இல்லாதபோதும் அந்தத் தளர்வு வருவது தெரிந்தது. தேர் வடத்தில் ‘ஏலேலோ’ குரல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கைகோத்து நின்று பிடிக்கும் உங்கள் செயினுக்கும் அந்தக் குரல்தான் இல்லை.

கபடியில் கூடுதல் ஆபத்து திசை. கார்னர் கணுக்காலைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறார். கவர் பின்னாலிருந்து வந்து மோதுகிறார். அந்த மோதல் ரெய்டரை நடுக்கோட்டுப் பக்கமே தள்ளிவிடும். அதனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். முதல் ஆள் காலை நிறுத்துவார். இரண்டாம் ஆள் ரெய்டருக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் புகுந்து வழியை அடைப்பார். மூன்றாம் ஆள் இடுப்பையோ தொடையையோ பிடித்துத் தரையைவிட்டுக் கிளப்புவார். எல்லோருடைய விசையும் பின்கோட்டை நோக்கியே.

குரல் யாருடையது என்பதை முன்பே முடிவுசெய்யுங்கள். ரெய்டர் இடது கார்னரை நோக்கித் திரும்பினால் அவர் முதுகும் பின்காலும் வலதுபக்கக் கவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அழைப்பு அவர் பொறுப்பு. ஒரே சொல், ஓரசை இருந்தால் நல்லது. “போ” போதும். “பிடி பிடி” என்று ஐந்து பேர் கத்துவது எதிரணி ரெய்டருக்குத்தான் உதவும்.

பயிற்சியை மூன்று கட்டமாக வையுங்கள். முதல் வாரம், பாதி வேகத்தில், எதிர்க்காத ரெய்டரை வைத்து, மூன்று பேரும் தங்கள் இடத்துக்கு வந்து சேர்வது மட்டும். ஒரு பக்கத்துக்கு 10 முறை. இரண்டாம் வாரம் முழு வேகம். கைபேசியைப் பின்கோட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குமேல் கட்டிவைத்துப் படம் எடுங்கள். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 பிரேம். முதல் கை பட்டதற்கும் இரண்டாம் ஆள் வந்து சேர்ந்ததற்கும் இடையே எத்தனை பிரேம் என்று நகர்த்தி எண்ணுங்கள். 15 வந்தால் அரை நொடி. நல்ல ரெய்டர் அதற்குள் உதறிவிடுவார். அதைப் பத்துக்குள் கொண்டுவருவதே அந்த வாரத்து வேலை. மூன்றாம் வாரம், முதல் ஆளின் பிடி வேண்டுமென்றே தவறும்படி சில முறை சொல்லி வையுங்கள். பிடி விழவில்லை என்றால் மற்றவர்கள் பாயாமல் பின்வாங்கவேண்டும். ஒருவர் தப்பவிட்டதற்கு மூன்று பேர் அவுட் ஆவது இந்தப் பழக்கம் இல்லாததால்தான்.

தளர்வுக்கு மருந்து, உதவிக்கும் கணக்கு வைப்பது. பிடித்தவருக்கு மட்டும் கைத்தட்டல் கிடைக்கும் அணியில் இரண்டாம் ஆள் அரை மனதோடுதான் வருவார். பயிற்சி ஏட்டில் ‘பிடி’, ‘வழி அடைப்பு’, ‘துணை’ என்று மூன்று பத்தி போட்டு எல்லோர் பெயருக்கும் எதிரே குறியுங்கள். இடது கார்னரும் அவர் பக்கத்தில் ‘இன்’ இடத்தில் நிற்பவரும் தினமும் பத்து நிமிடம் இருவராக மட்டும் பழகட்டும். அந்த ஜோடியை அடிக்கடிக் கலைக்காதீர்கள். வாரம் ஒரு நாள் ரெய்டர்களைக் கார்னரில் நிறுத்துங்கள், கார்னர்களை ரெய்டுக்கு அனுப்புங்கள். பிடிபடுகிறவருக்கு எப்போது தப்பமுடியும் என்று தெரிந்த பிறகு பிடிக்கும் நேரம் தானாகத் திருந்தும்.

மண் களத்தில் பழகிவிட்டு ‘மேட்’ விரிப்பில் ஆடப்போனால் கால் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?
– வாசகர், விருதுநகர் மாவட்டம்

மேட்டில் பிடிப்பு அதிகம். மண்ணில் கால் சற்றுச் சறுக்கித் திரும்பும். மேட்டில் பாதம் நின்றுவிடும், முட்டி மட்டும் திரும்பும். முட்டிக் காயத்துக்கு அதுவே வழி. ஆகவே திரும்பும் இடத்தில் ஒரே பெரிய அடிக்குப் பதில் இரண்டு மூன்று சிறு அடிகள். போட்டிக்கு முன் மூன்று நான்கு நாளாவது மேட்டில் பழகவேண்டும், அதுவும் போட்டியில் போடப்போகும் ஷூவோடு. மேட் கிடைக்கவில்லை என்றால் உள்ளரங்க இறகுப்பந்துக் களத்தில் கால் அசைவை மட்டும் பழகலாம். கெட்டித் தரையில் பிடி, டைவ் வேண்டவே வேண்டாம். திறந்தவெளி இரவு ஆட்டங்களில் பனி இறங்கினால் அதே மேட் வழுக்கும். பாதிக்கொருமுறை துடைக்கச் சொல்லி நடத்துநர்களிடம் கேட்பது உங்கள் உரிமை.

எங்கள் முக்கிய ரெய்டர் 62 கிலோ. 60 கிலோ பிரிவில் ஆட, எடை பார்ப்பதற்கு முந்தைய இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், மழைக்கோட்டுப் போட்டு ஓடி இறக்குகிறார். மேட்சில் தலை சுற்றுகிறது என்கிறார். இது எல்லா ஊரிலும் நடப்பதுதானே?
– அணி நிர்வாகி, சேலம் மாவட்டம்

எல்லா ஊரிலும் நடப்பதால் ஆபத்து குறைந்துவிடாது. உடலெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு நீர் போனாலே வெயிலில் செயல்திறன் இறங்கத் தொடங்கும். 62 கிலோவில் இரண்டு கிலோ என்பது நூற்றுக்கு மூன்றுக்கு மேல். இரத்தத்தின் அளவு குறைவதால் இதயம் கூடுதலாகத் துடிக்கும், வியர்வை குறைவதால் உடல் சூடு வெளியேறாது. எடை பார்த்தபின் இரண்டு மணி நேரத்தில் குடிக்கும் தண்ணீர் இதை முழுதும் ஈடுகட்டாது. 1997 கடைசியில் அமெரிக்காவில் ஐந்து வாரத்துக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போது உயிரிழந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் ரப்பர் உடையும் நீராவி அறையும் தடைசெய்யப்பட்டன. மழைக்கோட்டு ஓட்டத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டு கிலோ குறைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஒதுக்குங்கள், வாரம் அரை கிலோ. இரவுச் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது, பொரித்ததையும் சர்க்கரை போட்ட பானங்களையும் விடுவது, முட்டை, பருப்பு, சுண்டல், மீன் இவற்றைக் குறைக்காமல் வைப்பது. அவர் எடைக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அளவுக்குப் புரதம் இருந்தால் தசை கரையாது. தண்ணீர் எப்போதும்போல. எடை பார்த்தபின் ஓஆர்எஸ் அல்லது உப்புப் போட்ட மோர், வாழைப்பழம், இட்லி, சிறிது சிறிதாக. 18 வயதுக்குக் கீழே என்றால் எடை குறைப்பே வேண்டாம், மேல் பிரிவில் ஆடட்டும். அணிக்கணக்காகப் பார்த்தாலும், வறண்டுபோன முதன்மை ரெய்டரைவிட முழுத் தெம்போடு இருக்கும் இரண்டாம் ரெய்டர் மேல்.

தவறு செய்தால் மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கும் பயிற்சியாளர் நல்லவரா?
– பெயர் வேண்டாம், நாகப்பட்டினம்

நோக்கம் நல்லதாக இருக்கலாம், முறை அணியைக் கெடுக்கிறது. தவறுக்குத் தண்டனை உண்டு என்று தெரிந்த ரெய்டர் தவறே வராத வழியைத் தேர்ந்தெடுப்பார்: பால்க் லைனைத் தாண்டிவிட்டு வந்துவிடுவார். எம்ப்டி ரெய்டு (புள்ளி இல்லாத ரெய்டு) கூடும், மூன்றாவது ரெய்டு எதிரணியின் கைக்குப் போகும். சோர்ந்த காலோடு திரும்ப வந்து பிடிக்கப் போனால் காயமும் வரும். விளைவு ஆட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும். உதாரணமாக, சிறு ஆட்டத்தில் தேவையற்ற முன்னேற்றத்துக்கு எதிரணிக்கு இரண்டு புள்ளி. வலி இல்லாமலே பாடம் பதியும். தாமதமாக வருவது, பயிற்சிக்கு வராமல் இருப்பது போன்ற ஒழுக்கக் குறைகளுக்குக் கண்டிப்பு வேண்டும். அதை ஆட்டப் பிழையோடு கலக்கக்கூடாது.

2018 ஆசிய விளையாட்டில் இந்தியாவை ஈரான் வீழ்த்தியது பயிற்சி முறையாலா?
– வாசகர், கோயம்புத்தூர்

கபடி 1990-இல் பெய்ஜிங்கில் சேர்க்கப்பட்டதிலிருந்து ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே வந்துகொண்டிருந்தது. ஜகார்த்தாவில் அரையிறுதியில் 18–27 என்று ஈரானிடம் தோற்றோம். பெண்கள் இறுதியிலும் 24–27. ஆனால் ஈரான் ஆண்கள் அணி திடீரென முளைத்ததல்ல. 2010, 2014 இரண்டிலும் இறுதிவரை வந்த அணி. 2014 இறுதி 25–27 என்று இரண்டு புள்ளியில்தான் கைநழுவியது. அங்கே பலர் மல்யுத்தத்தில் வளர்ந்து கபடிக்கு வந்தவர்கள். இடுப்புப் பிடியிலும், பிடித்தபின் விடாமல் தரையில் அழுத்துவதிலும் அது தெரியும். அவர்கள் வீரர்கள் புரோ கபடியில் நம் ரெய்டர்களோடு மாதக்கணக்கில் ஆடி அவர்கள் அசைவை அறிந்திருந்தார்கள். பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் இந்தியரான ஷைலஜா ஜெயின். ஆக, வேறு விளையாட்டின் அடித்தளம், எதிராளியைப் பற்றிய அறிவு இரண்டும் சேர்ந்தன. அடுத்த ஆசிய விளையாட்டில், 2023-இல் ஹாங்சோவில், இரு தங்கமும் இந்தியாவுக்குத் திரும்பின, பெண்கள் இறுதி 26–25. ஊர் அணிகள் எடுத்துக்கொள்ளவேண்டியது: வாரம் ஒரு மணி நேரம் மல்யுத்தமோ ஜூடோவோ தெரிந்தவரிடம் பிடி கற்பது நல்ல முதலீடு.

என் மகள் பதினைந்து வயது, பள்ளி அணியில் கார்னர். முட்டி ஜவ்வு கிழிந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். விளையாட விடலாமா?
– தாய், திருச்சி

விடுங்கள் அம்மா, ஆனால் சூடேற்றப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். திரும்பிப் பாயும் விளையாட்டுகளில் ஏசிஎல் எனும் முட்டி ஜவ்வுக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம் என்பது உண்மை. முறையான பயிற்சியால் கணிசமான பகுதியைத் தவிர்க்கலாம் என்பதும் உண்மை. நார்வேயில் 13–17 வயதுப் பெண்கள் கால்பந்து அணிகளில் 20 நிமிடச் சூடேற்ற முறையைத் தொடர்ந்து செய்தபோது காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

கபடிக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: மெது ஓட்டமும் பக்கவாட்டு நகர்வும் 4 நிமிடம், அரை உட்கார்ந்து எழுதல் 10 வீதம் இரண்டு, ஒற்றைக் காலில் நின்று தோழி மெல்லத் தள்ள நிலை குலையாமல் 30 நொடி, குதித்துச் சத்தமின்றி இறங்குதல் 8 வீதம் இரண்டு, முட்டிகள் உள்நோக்கிச் சாயாமல். பிறகு மண்டியிட்டு, தோழி கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெதுவாக முன்னால் சாய்தல் 3 முதல் 5 முறை. இது பின்தொடைத் தசைக்கு. பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தோழி தாங்க இடுப்பைத் தூக்குதல், பக்கத்துக்கு 5. இது உள்தொடைத் தசைக்கு. கடைசி இரண்டும் முதல் வாரம் நன்றாகவே வலிக்கும், அதனால் குறைவாகத் தொடங்கவேண்டும். வாரம் மூன்று நாளாவது நடந்தால்தான் பலன். போட்டி நாளுக்கு மட்டும் செய்வதால் பயனில்லை.

முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால் எண்ணெய் தடவி இழுத்துவிடுவது கூடாது. எலும்பு மருத்துவரிடம் போகவேண்டும். தலையும் தலையும் மோதி மயக்கம், குமட்டல், குழப்பம் இருந்தால் அன்று மறுபடி களத்தில் இறக்கக்கூடாது. இதைப் பயிற்சியாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

போட்டிக்கு முந்தைய வாரம் பயிற்சியைக் கூட்டுவதா, நிறுத்துவதா? எங்கள் பக்கம் போட்டிகள் விடிய விடிய நடக்கும். ஒரே இரவில் நான்கு ஆட்டம்கூட வரும்.
– அணித் தலைவர், புதுக்கோட்டை மாவட்டம்

இரண்டும் வேண்டாம். கடைசி ஒன்றிரண்டு வாரத்தில் மொத்த அளவைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தை அப்படியே வையுங்கள். 16 முறை ஓடிய இடத்தில் 8 முறை, அதே முழு வேகத்தில். பலர் செய்யும் தவறு அளவைக் குறைக்காமல் வேகத்தைக் குறைப்பது. சோர்வும் போகாது, கூர்மையும் போய்விடும். அளவைக் கணக்கிட எளிய வழி, பயிற்சி முடிந்து அரை மணி கழித்து ஒவ்வொருவரும் அன்றைய கடினத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் சொல்வது. அதை நிமிடத்தால் பெருக்குங்கள்: 90 நிமிடம், கடினம் 7 என்றால் 630. வாரக் கூட்டுத்தொகையை ஏட்டில் எழுதிவந்தால் யார் தேய்கிறார் என்று முன்கூட்டியே தெரியும். எல்லோரும் 6 சொல்லும் நாளில் ஒருவர் மட்டும் 9 சொன்னால் அவரிடம் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விசாரியுங்கள். புதிய பிடி, புதிய செயின் எதையும் அந்த வாரத்தில் கற்றுக்கொடுக்காதீர்கள்.

இரவுப் போட்டிக்கு மூன்று நாள் முன்பே தூக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்து, அன்று மதியம் ஒன்றரை மணி நேரம் உறங்கவேண்டும். முதல் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன் முழுச் சாப்பாடு. அதன் பிறகு ஆட்டங்களுக்கு நடுவே வாழைப்பழம், பேரீச்சை, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு மட்டும். பரோட்டாவும் பிரியாணியும் எல்லாம் முடிந்த பிறகு. இடைவெளி அரை மணிக்கு மேல் போனால் வியர்வை பனியனை மாற்றி உடம்பை மூடிக்கொண்டு உட்காருங்கள். களம் இறங்க எட்டு நிமிடம் முன் எழுந்து, மெது ஓட்டம், இரண்டு மூன்று குறுகிய பாய்ச்சல், ஆளுக்கு நான்கு பாதி வேகப் பிடி. அதிகாலை மூன்று மணி ஆட்டத்தில் இதைச் செய்யாமல் இறங்கினால் தசைக் கிழிசல் வரலாம். 12 பேர் கொண்ட அணியில் ஐந்து பேர் மாற்று ஆட்கள். முதல் இரண்டு ஆட்டத்தில் முன்னிலை வந்ததும் அவர்களை இறக்கி, முதன்மை ரெய்டரையும் இரு கார்னர்களையும் பத்து நிமிடமாவது வெளியே உட்கார வையுங்கள். நான்காவது ஆட்டத்துக்கு அவர்கள் கால் வேண்டும்.